மூடிக்கு அடியில்: பேஸ் கிடார் பட்டறையில் கற்றவை

நான் செய்த முதல் பேஸ் கிடாரின் பின்மூடியை ஒரே மாலைப் பொழுதில் நான்கு முறை கழற்றி நான்கு முறை பூட்டினேன். மூடி திறந்திருந்தால் ஒலி கணீரென்று வந்தது; ஆறு திருகுகளையும் முடுக்கி மூடியவுடன் ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிட்டது. கேபிளைச் செருகும் ஜாக்கில் கோளாறு என்று எண்ணி அதை மாற்றினேன். சால்டர் பற்றுகளில் கோளாறு என்று எண்ணி அத்தனையையும் மறுபடி உருக்கினேன். பிறகு மூடியைப் பூட்டினால் அதே ஊமைத்தனம். கடைசியில் மூடியைத் திருகாமல் விரலால் மட்டும் அழுத்திப் பார்த்தபோதுதான், ஒரு மூலையை அழுத்தினால் ஒலி நிற்பதும் விட்டால் வருவதும் தெரிந்தது. அந்த மூலைக்கு நேர் கீழே, ஒலியளவுக் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை உறுப்பான வால்யூம் பொட்டன்ஷியோமீட்டரின் (சுருக்கமாக 'பாட்') கால் ஒன்று மேல்நோக்கி வளைந்து, குழியின் விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. இரைச்சலைத் தடுப்பதற்காக மூடியின் உட்புறத்தில் நானே பார்த்துப் பார்த்து ஒட்டிய செப்புத் தகடு அந்தக் காலைத் தொட்டு, தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் காந்தச் சுருளான பிக்அப்பிலிருந்து வந்த சமிக்ஞை முழுவதையும் எர்த்துக்கு இறக்கிவிட்டிருந்தது.

ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பில் முடிந்த பழுது அது. ஆனால் இந்த வேலையின் இயல்பு என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பேஸ் கிடார் செய்வது என்பது ஒன்றன் மேல் ஒன்றாக மூடிக்கொண்டே போகும் வேலை. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை விரற்பலகை மூடுகிறது. எர்த் ஒயரைத் தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் மூடுகிறது. செப்புத் தகட்டைப் பிக்அப் மூடுகிறது. எல்லாவற்றையும் வார்னிஷும் மூடியும் மூடுகின்றன. மூடப்பட்ட இடத்தில் தங்கிவிட்ட பிழை உடனே வெளியே தெரிவதில்லை. தந்திகளை ஏற்றி, சுருதி சேர்த்து, இனி வாசிக்கலாம் என்று உட்காரும் வேளையில்தான் அது தலைகாட்டும். ஆகவே ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் எதைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அழகான உடல் வடிவங்களைப் பற்றியும் பளபளப்பான வார்னிஷ் பூச்சைப் பற்றியும் எழுதுவதற்கு என்னைவிடத் தேர்ந்த தச்சர்கள் இருக்கிறார்கள்.

கழுத்திலிருந்து தொடங்குகிறேன். 34 அங்குலத் தந்தி நீளமுள்ள வழக்கமான நான்கு தந்தி பேஸில், சுருதி சேர்த்த நிலையில் தந்திகள் அனைத்தும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்கின்றன. இந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்தை நிமிர்த்திப் பிடிப்பது, அதன் நடுவே ஓடும் ட்ரஸ் ராடு என்ற எஃகுக் கம்பி. அதற்கான காடியை ரவுட்டர் என்ற மரம் குடையும் இயந்திரத்தால் வெட்டி, கம்பியை உள்ளே வைத்து, மேலே விரற்பலகையைப் பசையிட்டு ஒட்டிவிட்டால், பிறகு அந்தக் கம்பியை நாம் பார்க்கவே முடியாது.

என் இரண்டாவது பேஸில் பசையைத் தாராளமாகப் பூசினேன். கிளாம்புகளை முடுக்கியபோது ஓரங்களில் பசை சீராக வழிந்ததைப் பார்த்து மகிழ்ச்சிதான் அடைந்தேன். வெளியே வழிந்த அதே பசை உள்ளே காடிக்குள்ளும் வழிந்திருக்கும் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. விரற்பலகையின் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்டுகளை அடித்து, மட்டம் தட்டி, தந்திகளை ஏற்றி, கழுத்து முன்னோக்கி வளைவதைக் கண்டு ட்ரஸ் ராடைத் திருக முயன்றால், அது மரத்தோடு மரமாக இறுகிப் போயிருந்தது. அதை விடுவிப்பதற்கு விரற்பலகையின் மேல் துணி இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடேற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியை நுனியிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக நுழைத்து, ஒரு முழு நாளைச் செலவிட்டேன். பலகை கழன்று வந்தது. ஆனால் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிராய் பெயர்ந்துவிட்டது, அதன் வடு அந்தப் பேஸில் இன்றும் இருக்கிறது.

இப்போது நான் செய்யும் முறை எளிது. காடியின் மேல் அதைவிடச் சற்று அகலமான காகித டேப்பை ஒட்டிவிட்டு, அதன் இருபுறமும் பசையை மெல்லியதாகப் பரப்புகிறேன். பலகையை வைப்பதற்குச் சற்று முன்பு டேப்பை உரித்துவிடுகிறேன். காடியின் ஓரத்தில் பசையில்லாத ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. வழியும் பசை அந்த இடைவெளியை நிரப்புவதோடு நின்றுவிடும். கிளாம்புகள் அனைத்தையும் முடுக்கிய பிறகு, பசை இறுகுவதற்கு முன்பே, ட்ரஸ் ராடை இருபுறமும் கால் சுற்று திருகிப் பார்க்கிறேன். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு முறை திருகிப் பார்க்கிறேன். இந்தக் கால் சுற்றுக்கு ஆகும் நேரம் பத்து விநாடி.

ஃப்ரெட்டுகளின் இடைவெளியைப் பொறுத்தவரை பயப்படுவதற்கு ஒன்றுமில்லை, கணக்கு தெளிவாக இருக்கிறது. மீதமிருக்கும் தந்தி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டுக்கான தொலைவு கிடைக்கும். 34 அங்குலமான 863.6 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃப்ரெட், தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து 48.47 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாவது ஃப்ரெட் சரிபாதியான 431.8 மி.மீ. தொலைவிலும் அமையும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது கணக்கில் அல்ல, அளப்பதில். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அதற்கு முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்து குறித்தால், ஒவ்வொரு முறையும் நேரும் கால் மில்லிமீட்டர் பிசகு சேர்ந்து சேர்ந்து கடைசியில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடும். எல்லாவற்றையும் நட்டின் விளிம்பிலிருந்தே, உருக்கு அளவுகோலை நகர்த்தாமல் குறிக்க வேண்டும். 1951 இல் லியோ ஃபெண்டர் தம் பேஸ் கிடாருக்கு 'பிரிசிஷன்' என்று பெயரிட்டதற்குக் காரணமே, ஃப்ரெட் இல்லாத பெரிய டபுள் பேஸில் காதால் தேட வேண்டிய சுருதி இதில் விரல் வைத்த இடத்தில் துல்லியமாகக் கிடைத்தது என்பதுதான். அந்தப் பெயரையாவது நாம் காப்பாற்ற வேண்டாமா?

உடலின் வடிவத்தில் நான் ஒரே ஒரு விதியை விடாப்பிடியாக வைத்திருக்கிறேன். தோள்வாரை மாட்டும் மேல்கொம்பின் நுனி, ஏறத்தாழ பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக வர வேண்டும். என் மூன்றாவது பேஸில் கொம்பு குட்டையாக இருந்தால் அழகாக இருக்கும் என்று பதினைந்தாவது ஃப்ரெட்டுக்கு நேராக நிறுத்தினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாசிப்பவர் இடது கையை எடுத்தவுடன் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாய்ந்தது. ஒரு மணி நேரம் அதைத் தாங்கி வாசித்தவரின் இடது தோள் மறுநாள் என்னிடம் குறை சொன்னது. தந்திகளை முறுக்கும் ட்யூனர்களை எடை குறைந்தவையாக மாற்றியதில் பாதி சரியாயிற்று, மீதியை வாரின் சொரசொரப்பு தாங்கிக்கொண்டிருக்கிறது. மரத்தில் வெட்டுவதற்கு முன் அட்டையில் வெட்டி, கழுத்தையும் ட்யூனர்களையும் அதோடு கட்டி, தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று பார்ப்பது சிறுபிள்ளை விளையாட்டுபோலத் தோன்றும். இன்றும் நான் அதைச் செய்கிறேன்.

எந்த மரம் எந்த ஒலியைத் தரும் என்ற வாதத்தில் நான் இறங்குவதில்லை. ஆல்டரிலும் ஆஷிலும் மேப்பிளிலும் செய்திருக்கிறேன். எடையில் வேறுபாடு நிச்சயமாக உண்டு, வேலை செய்யும்போது உளிக்குக் கட்டுப்படுவதில் வேறுபாடு உண்டு. ஒலியைப் பொறுத்தவரை, பிக்அப்பை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் நேரும் மாற்றம், மரத்தை மாற்றினால் நேரும் மாற்றத்தைவிட என் காதுக்குப் பெரிதாகப் படுகிறது. 1970களின் ஃபெண்டர் ஜாஸ் பேஸ்களில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப் முந்தைய பத்தாண்டில் இருந்ததைவிடப் பிரிட்ஜுக்கு அருகில் போனது; அந்தச் சிறிய நகர்வு தந்த கூர்மையான, உறுமும் ஒலியை விரும்பித் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் மரத்தைத் தேர்வதில் செலவிடும் கவலையில் பாதியைப் பிக்அப் குழிகளைக் குறிப்பதற்கு ஒதுக்கிவைப்பது நல்லது என்பது என் கருத்து. குழியை வெட்டும்போது ரவுட்டரை ஒரே ஓட்டத்தில் ஆழமாக இறக்காமல் மூன்று நான்கு மில்லிமீட்டராக இறக்க வேண்டும். கொம்பின் வளைவில் மர இழை வெட்டுக்கு எதிராகத் திரும்பும் இடத்தில் அவசரப்பட்டால் விரல் அகலத்துக்குச் சில்லு பெயர்ந்துவிடும். முகமூடியும் காதுக்கவசமும் இல்லாமல் அந்த இயந்திரத்தின் பக்கம் போகவே கூடாது.

இனி மின் இணைப்புகள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் அடிபட்டதும் இதுதான்.

முதலில் கட்டமாற்றம் என்ற சிக்கலைச் சொல்ல வேண்டும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் இரண்டு பிக்அப்புகளை ஒரே பேஸில் பொருத்தினேன். தனித்தனியே இரண்டும் நன்றாக ஒலித்தன. இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் அடிநாதம் முழுவதும் காணாமல் போய், மூக்கடைத்தவர் பேசுவதுபோல ஒரு மெல்லிய ஒலி மட்டும் எஞ்சியது. ஒரு பிக்அப் மேலே போகும்போது இன்னொன்று கீழே போய், இரண்டின் தாழ்ந்த அதிர்வெண்களும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. ஒரு பிக்அப்பின் இரு ஒயர்களையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது. இதைப் பொருத்துவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, பிக்அப்பின் இரு ஒயர்களிலும் இணைத்து, ஒரு திருப்புளியின் தட்டையான பகுதியைக் காந்த முனைகளின் மேல் வைத்துச் சட்டென்று விலக்கினால், எண் ஒரு கணம் நேர்க்குறியிலோ எதிர்க்குறியிலோ துள்ளும். இரண்டு பிக்அப்புகளும் ஒரே பக்கம் துள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒயர்களை இடம் மாற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிக்அப்பின் உலோக உறையோ அடித்தகடோ அந்த ஒயர்களில் ஒன்றோடு இணைந்திருந்தால் அந்த இணைப்பை முதலில் பிரித்து, தனியாக எர்த் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்த உலோகம் முழுவதும் சமிக்ஞைப் பக்கம் போய்விடும்.

இதோடு தொடர்புடைய இன்னொரு பாடம். ஒற்றைச் சுருள் பிக்அப்புகள் இரண்டில், ஒன்றின் சுருளையும் காந்தத்தையும் மற்றதற்கு எதிராக அமைத்திருந்தால், இரண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடிவரும். ஒன்றைச் சிறிது குறைத்தால் இரைச்சல் திரும்பிவிடும். இது தெரியாத காலத்தில், குமிழைச் சற்றே திருப்பியதும் இரைச்சல் எழுகிறதே என்று அந்தக் குமிழைச் சந்தேகித்து, எர்த் பழுதைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். பழுது எதுவும் இல்லை. செப்புத் தகட்டை எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலிருந்து வரும் காந்தப்புல இரைச்சலை அது தடுக்காது. விளக்குகளும் ஒயர்களும் பரப்பும் மின்புல இரைச்சலைத்தான் அது தடுக்கும். 1957 இல் பிரிசிஷன் பேஸுக்கு வந்த இரட்டைப் பிளவுப் பிக்அப் சுருள்களை எதிரெதிராக வைத்துத் தீர்த்தது அந்தக் காந்தப்புல இரைச்சலை.

இரண்டு வால்யூம், ஒரு டோன் என்ற ஜாஸ் பேஸ் அமைப்பில் நான் செய்த தவறு இன்னும் சுவையானது. வால்யூம் பாட் ஒன்றுக்கு மூன்று கால்கள். பிக்அப்பை ஓரக் காலிலும், வெளியே போகும் ஒயரை நடுக் காலிலும் இணைப்பதுதான் எங்கும் காணும் வழக்கம். ஒரே வால்யூம் உள்ள கருவிக்கு அது சரிதான். ஆனால் இரண்டு வால்யூம்களின் வெளியீட்டையும் ஒன்றாகச் சேர்த்தபோது, ஏதாவது ஒரு குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினால் அதன் நடுக்கால் எர்த்தைத் தொட்டு, மற்ற பிக்அப்பின் ஒலியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஒன்றைக் குறைத்தால் இரண்டும் ஊமை. பிக்அப்பை நடுக்காலிலும் வெளியீட்டை ஓரக்காலிலுமாக மாற்றி இணைத்தால் ஒவ்வொரு குமிழும் தன் வேலையை மட்டும் பார்க்கும். இதற்கும் ஒரு விலை உண்டு: ஒரு வால்யூமைக் குறைக்கும்போது மற்றதன் மேல்சுரங்களும் சிறிது மங்கும். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

மேல்சுரங்களைக் குறைக்கும் டோன் குமிழில் உள்ள மின்தேக்கி எந்தப் பொருளால் ஆனது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் மதிப்பைப் பற்றி அவர்கள் அந்த அளவுக்குப் பேசினால் பயனுண்டு. ஒரு பிக்அப்பின் தூண்டல் 4 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டர் கேபிளின் 500 பைகோஃபாரட் மின்தேக்கத்தோடு சேர்ந்து அதன் ஒத்ததிர்வு, அதாவது ஒலி மிகுந்து எழும் அதிர்வெண், சுமார் 3,500 ஹெர்ட்ஸில் இருக்கும். டோனை முழுவதும் மூடி 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை அதோடு சேர்த்தால் அது சுமார் 370 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், 0.022 என்றால் சுமார் 540. திறந்த ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் அடிநாதத்துக்குப் பாதிப்பில்லை, விரல் உராயும் ஒலியும் மேல்சுரங்களும்தான் மறைகின்றன. எந்த மதிப்பு வேண்டும் என்பதைக் கணக்கைக் காட்டி நான் தீர்மானிப்பதில்லை. குழியிலிருந்து இரண்டு ஒயர்களை வெளியே இழுத்து, முதலைவாய்க் கிளிப்புகளில் மின்தேக்கிகளை மாற்றி மாற்றி மாட்டி, வாசிக்கப் போகிறவரையே கேட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். அவர் தலையாட்டிய மதிப்பைத்தான் சால்டர் செய்கிறேன்.

பாட்களையும் அளந்துதான் பொருத்த வேண்டும். 250 கிலோ ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் 20 சதவீதம் முன்பின்னாக இருப்பது சாதாரணம். அதாவது 200 இலிருந்து 300 வரை எதுவாகவும் இருக்கலாம். அதிக மதிப்புள்ளது சற்றுப் பிரகாசமாகவும் குறைந்த மதிப்புள்ளது சற்று மந்தமாகவும் ஒலிக்கும். ஒரே பேஸின் இரண்டு வால்யூம்களுக்கு மதிப்பில் நெருங்கிய ஜோடியைத் தேடி எடுத்துவைக்கிறேன்.

சால்டர் செய்வதில் என் பெரும்பாலான தோல்விகள் 'பாட்' உறுப்பின் முதுகில் நடந்தவை. அது ஒரு கனமான உலோகக் கிண்ணம். சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஊசிமுனை கொண்ட சிறிய அயர்னை அதில் வைத்தால், சால்டர் உருகி ஒட்டியதுபோல் தெரியும்; ஆறியதும் மங்கலான சாம்பல் நிறத்தில், நகத்தால் நெம்பினால் அப்படியே கழன்று வரும். ஒட்டவில்லையே என்று நீண்ட நேரம் சூடேற்றினால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டு, குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். முதுகை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, உளிபோன்ற அகன்ற முனையை 350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு மூன்று விநாடியில் வேலையை முடித்துவிட வேண்டும். 63க்கு 37 என்ற விகிதத்தில் வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரியில் உருகி, இடைநிலை எதுவுமின்றி உடனே உறைந்துவிடுவதால், கை சற்று நடுங்குபவர்களுக்கு அது உதவியாக இருக்கும். அதில் காரீயம் இருப்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் பார்வைக்கு அற்பமானது. குழியிலிருந்து பிரிட்ஜின் அடிவரை ஒரு மெல்லிய துளை, அதன் வழியே ஒரு ஒயர், நுனியில் இரண்டு சென்டிமீட்டர் உரித்து விசிறிபோல் பரப்பினால் பிரிட்ஜ் அதன் மேல் அமர்ந்துவிடும். ஒரு முறை பிரிட்ஜின் அடிப்புறத்தில் ஒரு கறுப்புப் பூச்சு இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒயர் தொட்டுக்கொண்டிருந்தது, ஆனால் மின்தொடர்பு இல்லை. அன்றிலிருந்து, பிரிட்ஜைத் திருகியதும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையை ஜாக்கின் எர்த் தகட்டிலும் வைத்து, மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தந்திகளை ஏற்றுகிறேன். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்றால் கவலை வேண்டாம், அது இயல்பு. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. தந்திகள் இவ்வாறு ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்திருப்பதால், அந்த ஆம்ப்ளிஃபையரின் மின் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னை இரைச்சலுக்காக யாரேனும் துண்டித்திருந்தால் அது வாசிப்பவரின் உயிருக்கே ஆபத்து. என்னிடம் பேஸ் வாங்குபவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன்.

சமிக்ஞையைக் கருவிக்குள்ளேயே பெருக்கும், பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் உள்ள பேஸ்களில் கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் ஸ்டீரியோ ஜாக்கைப் பயன்படுத்தி, பேட்டரியின் எதிர்முனையை அதன் நடு வளையத்தில் இணைக்கிறோம். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் நீண்ட உலோகத் தண்டு வளையத்தையும் எர்த்தையும் ஒன்றாக்கி மின்சுற்றை முழுமையாக்கும். பிளக்கை உருவினால் பேட்டரி அணைந்துவிடும். நண்பர் ஒருவருக்காகச் செய்த பேஸில் அந்த எதிர்முனையை வளையத்துக்குப் பதிலாக நேரே எர்த்தில் வைத்துவிட்டேன். ஒலி எந்தக் குறையுமின்றி வந்ததால் எனக்கும் சந்தேகம் எழவில்லை. சரியாக மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றார். புதிதாகப் போட்டதும் இன்னொரு மூன்று வாரத்தில் தீர்ந்தது. அந்த ப்ரீஆம்ப் இழுப்பது ஒரு மில்லிஆம்பியர், 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர் மணி. 500 மணி நேரம் என்றால் இருபத்தோரு நாள். கணக்கு நாளையும் காட்டிக்கொடுத்துவிட்டது: பேஸ் இரவும் பகலும் உறையில் படுத்தபடியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது பேட்டரி ஒயர்களில் ஒன்றைக் கழற்றி, இடையில் மில்லிஆம்பியர் மீட்டரை வைத்து, பிளக் இல்லாதபோது பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்காமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை.

தந்திகளை ஏற்றிய பிறகு செய்யும் சரிப்படுத்தல்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். ட்ரஸ் ராடை ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாமல், மரம் நிலைகொள்ள ஓர் இரவு விட்டுவிட வேண்டும். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட்டுக்குள் ஏதோ ஒரு சுரம் மட்டும் மீட்டியவுடன் அடங்கிப்போனால், பிக்அப்பையோ சால்டரையோ குறை சொல்லித் திறக்க வேண்டாம். கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால் அப்படி நேர்கிறது. தலைப்பகுதியில் ஒரு சிறு கிளாம்பை மாட்டிப் பாருங்கள். செத்த இடம் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் நோய் எங்கே என்பது தெரிந்துவிடும். நான் முதன்முதலில் இதைச் சந்தித்தபோது இரண்டு பிக்அப்புகளை மாற்றியிருந்தேன்.

கடைசியாக மூடியைப் பூட்டுவதற்கு முன், அதன் உட்புறத்தில் தகடு ஒட்டாத ஒரு மூலையில் சில எண்களைப் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒவ்வொரு பிக்அப்பின் மின்தடை, பாட்களின் அளந்த மதிப்பு, மின்தேக்கி, தேதி. பிறகு கேபிளைச் செருகி, அதன் மறுமுனையில் மீட்டரை வைத்து வெளியிலிருந்து தெரியும் எண்களையும் எழுதிவிடுகிறேன். அவற்றை என் குறிப்பேட்டிலும் பதிந்துகொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் செய்த இரண்டு வால்யூம் பேஸ் ஒன்று, ஒலி பாதியாகிவிட்டது என்ற குறையோடு சென்ற மாதம் திரும்பி வந்தது. குறிப்பேட்டைப் பார்த்தேன்: கழுத்துப் பக்கம் 7.4 கிலோ ஓம், பிரிட்ஜ் பக்கம் 7.8, பாட்கள் இரண்டும் ஏறத்தாழ 250, இரண்டும் திறந்த நிலையில் கேபிள் முனையில் 3.7. இப்போது கேபிள் முனையில் மீட்டர் 7.0 காட்டியது. கழுத்துப் பக்கத்து வால்யூமைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன், 7.3 காட்ட வேண்டிய இடத்தில் 125 என்றது. பாட்கள் இரண்டும் மட்டும் சேர்ந்து தரும் மதிப்பு அது. பிரிட்ஜ் பக்கத்துப் பிக்அப் மின்சுற்றிலேயே இல்லை. ஒரு திருகைக்கூடத் தொடாமல் பழுது எந்த ஒயரில் என்பது தெரிந்துவிட்டது. திறந்து பார்த்தபோது, அந்தப் பிக்அப்பின் ஒயரை நான் துளையின் கூரான விளிம்பின் மேல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்ததும், அது அங்கேயே தேய்ந்து அறுந்திருந்ததும் தெரிந்தது. விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிட்டு, மூன்று சென்டிமீட்டர் தளர்வு விட்டுப் புதிய ஒயரை இணைத்தேன். மீட்டர் 3.7 என்றது. பழைய பென்சில் எழுத்துகளுக்குக் கீழே அன்றைய தேதியைச் சேர்த்து மூடியைப் பூட்டினேன்.